விபூதி ரிப்போர்ட்

என் படத்தைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டப் போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. நான் படித்த அதே அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி. என்னோடு பன்னிரண்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் இப்போது அங்கே விலங்கியல் ஆசிரியை. பிப்ரவரியில் அறிவியலில் பெண்களுக்கென்று ஒரு நாள் கொண்டாடுகிறார்கள். உயிரியலிலும் மருத்துவத்திலும் பெயர் வாங்கிய பெண் விஞ்ஞானிகள் எட்டுப் பேரின் படங்களை மாணவிகளை விட்டு வரையச் சொல்லிவிட்டு, ஒன்பதாவதாக உள்ளூர்க்காரி ஒருத்தி வேண்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

"நான் விஞ்ஞானி இல்லடீ. லேப்ல வேலை பாக்கறேன்," என்றேன் போனில்.

"மைக்ரோபயாலஜி படிச்சிருக்க. கிருமி கண்டுபிடிக்கற. வேற என்ன வேணும்? எங்க பசங்க ஒருத்தியவாவது நேர்ல பாக்கணும். சார்ட்ல இருக்கறவங்க எல்லாம் ஒண்ணு செத்துட்டாங்க, இல்லன்னா அமெரிக்காவுல இருக்காங்க."

"என்ன பேசறது?"

"எப்படி முன்னுக்கு வந்தேன்னு பேசு. பத்து நிமிஷம்."

முன்னுக்கு வந்தேனா என்பதே எனக்குச் சந்தேகம். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். உள்ளுக்குள் ஆசை இருந்தது, அதை மறைப்பானேன். இரண்டு இரவுகள் உட்கார்ந்து உரை எழுதினேன். அதில் விடாமுயற்சி என்ற சொல் நான்கு இடத்தில் வந்தது.

நான் வேலை பார்ப்பது ஊரின் ஓரத்தில், ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வகத்தில். காய்ச்சல் தணியாத நோயாளியின் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து, கிருமிக்குத் தீனியான திரவம் ஊற்றிய பாட்டிலில் விட்டு, உடம்புச் சூட்டில் வைப்போம். ரத்தத்தில் கிருமி இருந்தால் அது பெருகும். அதை ஆட்டு ரத்தம் கலந்த பிளேட்டில் தீற்றிவிட்டால் மறுநாள் புள்ளி புள்ளியாகத் தெரியும். கிருமி இருக்கிறதா, எது, எந்த மருந்துக்கு அடங்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் டாக்டர்கள் மருந்து மாற்றுவார்கள்.

இந்த ஊர் லேபுக்கென்று ஒரு தொல்லை உண்டு. பௌர்ணமி வந்தால் கிரிவலத்துக்கு ஊர் கொள்ளாத கூட்டம். மலையைச் சுற்றி முடித்தவர்கள் அப்படியே மருத்துவமனைக்கு வந்து படுத்திருப்பவருக்கு விபூதி பூசுவார்கள். நெற்றியில் பூசினால் பரவாயில்லை. ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டிய கையிலும் தடவுவார்கள், அங்கேதான் வலி என்று. சாம்பலிலும் தூசியிலும் இருக்கும் ஒரு வகைக் கிருமி கெட்டியான உறைக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாலும் சாகாது. ரத்தம் எடுக்கும் ஊசியோடு சேர்ந்து பாட்டிலுக்குள் போய், அங்கே தீனியைக் கண்டதும் எழுந்து பெருகிவிடும். நோயாளிக்கு அதனால் ஒன்றும் இல்லை. ரிப்போர்ட்டுதான் கெட்டுப்போகும். முதல் தடவை இதைக் கண்டுபிடித்துச் சொன்னது நான்தான். ஒரு கூட்டத்தில் பேசிக் கைதட்டலும் வாங்கினேன். அதற்கு விபூதி ரிப்போர்ட் என்று பெயர் வைத்ததும் நான்தான். அதன் பிறகு பௌர்ணமியை ஒட்டி அந்தச் சாம்பல் நிறப் புள்ளிகளைப் பார்த்தால் நான் இரண்டாம் முறை பார்ப்பதில்லை.

அந்த வாரம் பச்சிளங்குழந்தைகள் பிரிவிலிருந்து ஒரு பாட்டில் வந்தது. ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தாய், மலைக்குப் பின்பக்கம் இருக்கும் அடி அண்ணாமலைக்காரி. கிரிவலப் பாதையில் புருஷனும் அவளும் இளநீர்க் கடை போட்டிருந்தார்கள். குழந்தைக்குத் திடீரென்று மூச்சு திணறியதால் ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். மறுநாள் பிளேட்டில் சாம்பல் நிறப் புள்ளிகள். பௌர்ணமிக்கு முந்தின நாள் அது.

வார்டுக்கு போன் செய்தேன். "சிஸ்டர், குழந்தை கையில விபூதி வெச்சாங்களா?" என்றேன். அம்மா தினமும் வைக்கிறாள் என்றார் நர்ஸ். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தது.

"கொஞ்சம் கண்டிச்சே சொல்லுங்க சிஸ்டர். உங்க கையாலதான் கிருமி வந்திருக்கு, இனிமே கைய வெக்காதீங்கன்னு சொல்லுங்க. நூறு தடவ சொல்லியாச்சு இந்த ஜனங்களுக்கு."

ரிப்போர்ட்டில், வெளிக் கிருமி கலந்துள்ளது, மறுபடி ரத்தம் அனுப்பவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குழந்தை டாக்டர் அதை நம்பினார். ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த மருந்தே தொடரட்டும் என்று விட்டார். பௌர்ணமியன்று இரண்டாவது பாட்டில் வந்தது.

விழா அதற்கு மறுநாள். நான் பட்டுப்புடவையில் லேபுக்கு வந்து, அவசரமான இரண்டு வேலையை முடித்துவிட்டு ஆட்டோ பிடிப்பதாக ஏற்பாடு. எங்கள் டெக்னீஷியன் அந்த இரண்டாவது பிளேட்டை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். யாரிடமும் அதிகம் பேசமாட்டாள்.

"மேடம், இதுலயும் வளந்திருக்குங்க."

எட்டிப் பார்த்தேன். சாம்பல் நிறப் புள்ளிகள். "விபூதிதான். அதையே போட்டுடு."

"இது கால்ல எடுத்த ரத்தங்க, மேடம். அதுவுமில்லாம..."

"எதுவா இருந்தாலும் நான் வந்து பாக்கறேன். இப்போ நேரமாச்சும்மா," என்று சொல்லிக்கொண்டே கைப்பையைத் தூக்கினேன். அவள் பிளேட்டை மூடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். புடவை கசங்காமல் ஆட்டோவில் ஏறுவதுதான் அப்போது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் இந்த ஊரில் வண்டி ஓட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. சுற்றி முடித்த கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் பஸ் ஏறப் பார்க்கும். ஆட்டோ ஊர்ந்தது, பிறகு நின்றே போனது. உரையை மனப்பாடம் செய்து பார்க்கலாம் என்று கண்ணை மூடினேன். விடாமுயற்சி வரவில்லை. கால்ல எடுத்த ரத்தங்க என்பதுதான் வந்தது.

காலில் யாரும் விபூதி பூசமாட்டார்கள். சாமி பிரசாதத்தைக் காலில் வைக்க எந்தத் தாய்க்கும் கை வராது. இது எனக்குத் தெரியாததா? அப்படியென்றால் கையில் எடுத்த ரத்தத்திலும் காலில் எடுத்த ரத்தத்திலும் ஒரே கிருமி. அது தோலிலிருந்து வரவில்லை, குழந்தையின் உள்ளிருந்து வந்திருக்கிறது. எப்போதோ ஒரு தடவை, குறைமாதக் குழந்தைகளை இந்தக் கிருமி கொன்றுவிடும் என்று நான் படித்திருக்கிறேன். பரீட்சைக்காகப் படித்தது. போய்க்கொண்டிருக்கும் மருந்துக்கு அது அடங்காது. இரண்டு நாளாக அந்தக் குழந்தைக்கு மருந்து என்ற பெயரில் வெறும் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

லேபுக்கு போன் போட்டேன். பௌர்ணமிக் கூட்டத்தில் எப்போதும் நடப்பதுதான், சிக்னல் இல்லை. திரும்பப் போட்டேன். வார்டுக்குப் போட்டேன். எதுவும் போகவில்லை.

"அண்ணா, திருப்ப முடியுமா?" என்றேன் ஆட்டோக்காரரிடம்.

"எங்கங்க திருப்பறது? முன்னாடியும் பஸ்ஸு, பின்னாடியும் பஸ்ஸு. எறங்கி நடந்தா ஸ்கூலு பத்து நிமிஷம்."

லேபுக்கு நடந்தால் முக்கால் மணி நேரம் ஆகும். நான் இறங்கிப் பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தேன். அங்கே ஆபீஸில் போன் இருக்கும், அதுதான் சீக்கிரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்தான். ஆனால் முழு உண்மை இல்லை. சுவரில் ஒட்டிய படமும் அந்தப் பக்கம்தான் இருந்தது.

வாசலில் கோலம், பன்னீர், சந்தனம். என் தோழி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முதலில் சுவரைத்தான் காட்டினாள். எட்டு விஞ்ஞானிகளும் படங்களில் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவரின் கீழும் அவர் கண்டுபிடித்தது, வாங்கிய பரிசு. ஒருத்தி படத்தின் கீழும் எங்கே தவறினாள் என்று எழுதியிருக்கவில்லை. ஒன்பதாவது நான், பழைய பாஸ்போர்ட் போட்டோவில், கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு. அதை யாரோ ஒரு பெண் பிரியமாக வரைந்து சேர்த்திருந்தாள். நான் வாழ்க்கையில் ஸ்டெதாஸ்கோப் மாட்டியதே இல்லை.

"ஒரு போன் பண்ணணும்டீ. ரொம்ப அவசரம்."

"கலெக்டரேட்லேர்ந்து ஆபீசர் வந்துட்டாங்க. மேடைக்கு வா, அப்புறம் பண்ணலாம்."

"முடியாது," என்றேன். நான் சொன்ன விதத்தில் பயந்துபோய் அவளே ஆபீஸ் அறைக்கு அழைத்துப் போனாள்.

டெக்னீஷியன்தான் எடுத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசிவிட்டாள். "மேடம், கோச்சிக்காதீங்க. நீங்க வர லேட் ஆகும்னு டாக்டருக்கு நானே போன் பண்ணிட்டேங்க. மொத பிளேட்ட நான் தூக்கிப் போடல, ஃபிரிட்ஜ்ல வெச்சிருந்தேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன். புள்ளியச் சுத்தி ரத்தம் கரைஞ்சு தெளிவா வட்டம் இருக்குது, ரெண்டுலயும் ஒரே மாதிரி. போன மாச விபூதி பிளேட்ல இப்படி இல்லீங்க."

எனக்கு முதலில் வந்தது கோபம். அதை இங்கே எழுதாமல் விட்டால் மீதி எல்லாம் பொய்யாகிவிடும். என் கையெழுத்து இல்லாமல், என்னைக் கேட்காமல், ஒரு வருடம் ஆகாத ஒருத்தி டாக்டருக்கு போன் செய்வதா? அந்தக் கோபம் ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தேன். "சரிம்மா. நல்லது பண்ண," என்றேன்.

டாக்டரைக் கூப்பிட்டேன். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். குழந்தைகளிடம் மட்டும்தான் சிரிப்பார் என்று பெயர். "மருந்த மாத்தியாச்சு. குழந்தை நெலம மோசம்தான். சாயங்காலம் வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது," என்றார்.

"டாக்டர், நான்தான் மொத ரிப்போர்ட்டுல..."

"அத நானும்தான் படிச்சுட்டு ஒத்துக்கிட்டேன். அப்புறம் பேசலாம். இப்போ எனக்கு வேலை இருக்கு," என்று வைத்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மேடையில் உட்கார்ந்தேன். சால்வை போர்த்தினார்கள். என்னைப் பற்றி ஒரு மாணவி வாசித்தாள்; கிருமிகளின் எமன் என்றெல்லாம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். பெண்கள் கைதட்டினார்கள். என் புத்தி முழுக்கக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. சிக்னல் திரும்பியிருந்த போனை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டிருந்தேன். அது அதிர்ந்தால் நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

மைக் முன்னால் நின்றபோது எழுதி வைத்த உரையை எடுக்கவில்லை. எடுத்தாலும் படித்திருக்க முடியாது. எங்க லேப்ல ஒரு பொண்ணு இருக்கா என்று ஆரம்பித்தேன். ஊர்ப் பெயர், ஆள் பெயர் எதுவும் சொல்லவில்லை. ஒரு குழந்தையின் ரத்தத்தில் வளர்ந்ததை வெறும் விபூதி என்று பெரியவள் ஒருத்தி ஒதுக்கிய பிறகும் அந்தப் பெண் பிளேட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததைச் சொன்னேன். பெரியவள் என்பது நான்தான் என்பதையும் சொன்னேன், மென்று முழுங்கிக்கொண்டு. சுவரில் இருக்கும் அந்த எட்டுப் பேரும் என்ன செய்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரிந்தவரை இதைத்தான் செய்திருப்பார்கள், எல்லாரும் முடிந்தது என்று சொன்ன பிறகு இன்னொரு தடவை பார்த்திருப்பார்கள் என்றேன். அந்த வரிசையில் ஒட்ட வேண்டியது என் படம் இல்லை என்றேன். தோழி மேடை ஓரத்தில் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

கேள்வி கேட்கலாம் என்றார்கள். முன் வரிசையில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் எழுந்தாள்.

"மேடம், அந்தக் கொழந்த பொழச்சிடுச்சா?"

"தெரியலம்மா," என்றேன். "இன்னும் தெரியல."

அவள் உட்காராமலே நின்றாள். முந்நூறு பெண்கள் என்னையே பார்த்தார்கள். தோழி ஓடி வந்து நினைவுப் பரிசை என் கையில் திணித்து நன்றியுரையை ஆரம்பித்துவிட்டாள்.

அன்று சாயங்காலமும் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் மூச்சு கொஞ்சம் சீரானது, மத்தியானம் மறுபடி திணறியது. நான் லேபுக்கும் வார்டு வாசலுக்கும் நடந்து நடந்து செருப்பு தேய்ந்தது. டெக்னீஷியன் நர்ஸிடம் கேட்டு, அந்தத் தாயின் விபூதிப் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை வாங்கி வந்து பிளேட்டில் போட்டிருந்தாள். பெட்டிக்குள் விரிக்கும் துணியிலிருந்தும், சலவையிலிருந்து புதிதாக வந்த துணி மூட்டையிலிருந்தும் எடுத்திருந்தாள். மறுநாள் பிளேட்டுகளை வரிசையாக வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். நானே பார்க்க வேண்டும் என்று நின்றாள் போலிருக்கிறது.

விபூதியில் வளர்ந்தது வேறு. காய்ந்த புள்ளிகள், சுற்றி வட்டம் இல்லை. சலவைத் துணியில் இருந்தது குழந்தையின் ரத்தத்தில் இருந்த அதே கிருமி. ஈரம் காயாமல் மடித்துக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். அன்றே துணி முழுவதையும் மாற்றினார்கள்.

நான்காம் நாள் டாக்டரே லேபுக்கு வந்தார். குழந்தை தேறிவிட்டது, பால் ஏற்கிறது என்றார். நான் அழுதுவிட்டேன். அவர் அதைப் பார்க்காத மாதிரி பிளேட்டுகளைப் பார்த்தார். டெக்னீஷியனிடம், "உனக்குக் கண்ணு நல்லா இருக்கு," என்றார். அவரிடமிருந்து யாரும் அதற்கு மேல் வாங்கியதில்லை. போகும்போது வாசலில் நின்று, "ஒண்ணுதான் புரியல. அந்தம்மா உள்ளயே வரமாட்டேங்கறாங்க. பால் பீச்சிக் கிண்ணத்துல அனுப்பறாங்க. நெஞ்சோட அணைச்சு வெச்சா குழந்தை சீக்கிரம் எடை ஏறும்னு கூப்பிட்டா, வேணாங்கன்னு கும்பிடறாங்க. பயமா, என்னன்னு தெரியல," என்றார்.

எனக்குத் தெரிந்தது. தலையில் யாரோ குட்டியது போல இருந்தது. நான்கு நாட்களாகக் குழந்தை பிழைக்குமா என்று பயந்தேன், என் வேலை போகுமா என்றும் பயந்தேன். அந்தப் பெண்ணை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

அவள் வார்டுக்கு வெளியே, கைகழுவும் குழாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட இருபது வயதாவது சின்னவள். என் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். சோப்பு போட்டுப் போட்டு அவள் விரல்கள் வெளுத்து, கணுவில் வெடித்திருந்தன.

"நான் லேப்லேர்ந்து வரேம்மா. உங்க கையாலதான் கிருமி வந்துச்சுன்னு சொல்லச் சொன்னது நான்தாங்க."

"இனிமே வெக்கலீங்க. அன்னிக்கிலேர்ந்து நான் உள்ளயே போலீங்க," என்றாள் அவசரமாக. குற்றம் செய்தவள் அவள் மாதிரி.

"அது இல்லீங்க. டெஸ்ட் பண்ணிப் பாத்தோம். உங்க விபூதியில அந்தக் கிருமி இல்ல. இங்க விரிக்கற துணியிலதான் இருந்துது. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. நான் சரியாப் பாக்காம சொல்லிட்டேன். தப்பு என்னுது."

அவள் புரியாமல் பார்த்தாள். "அப்போ நான் பண்ணலீங்களா?"

"இல்லீங்க."

"என் கை இல்லீங்களா?"

"இல்லம்மா. நீங்க தொடலாம். இன்னிக்கே தொடலாம்."

அவள் திட்டுவாள் என்று நின்றேன். கத்தினாலும் அழுதாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். மன்னிப்புக் கேட்க இரண்டு வாக்கியம்கூட யோசித்து வைத்திருந்தேன். அவள் எதற்கும் காத்திருக்கவில்லை. குழாயைத் திறந்து கையை நனைத்தாள், சோப்பைத் தேடாமலே மூடினாள், செருப்பை என் காலடியில் உதறிவிட்டு உள்ளே போய்விட்டாள்.